பட்டை மாட்டும்போது பக்கத்தில் நின்றவர்

உலகத்தில் எந்த வேலை நடந்தாலும் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குனிந்து வேலையைச் செய்ய வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் நின்று, அதை அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டும். முதல் ஆளுக்குக் கொத்தனார், தச்சர், மெக்கானிக், சமையற்காரர் என்று ஆயிரம் பெயர் உண்டு. இரண்டாவது ஆளுக்குப் பெயர் வைக்க நம் முன்னோர்கள் ஏனோ மறந்துவிட்டார்கள். பெயர் வைக்கும் விழாவில் அவர்தான் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நாம் அவரைப் பக்கத்தில் நிற்பவர் என்றே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். கிணற்றில் தூர் வாருகிறவன் தலையில் மண் விழும்படி விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பவர், கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டு முடித்த பிறகு வந்து முழம் போட்டுப் பார்ப்பவர், தேர்வடத்தைத் தொடாமலே தேருக்கு முன்னால் நடந்து இழுக்கிறவர்களை அதட்டுபவர், நீங்கள் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிய மறுநிமிடம் எந்த வாசனை பிடித்தோ தெருக்கோடியிலிருந்து வந்து சேருபவர் எல்லாம் அவரே. அவருக்குத் தெரியாத தொழில் இல்லை. அவர் வேட்டியில் கறை மட்டும் இல்லை.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஓர் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால், எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் நீங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்துக்கு வந்திருக்க வேண்டும். அங்கே இராமலிங்கம் ஸ்வெட்டரும் யூகலிப்டஸ் தைலமும் விற்றுக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், விற்றது அவர் மனைவி சண்முகவள்ளி. கடைப் பலகையில் இருந்தது இவர் பெயர். சீசன் என்பது வருஷத்தில் இரண்டு மாதம். மிச்சம் பத்து மாதமும் ஊரில் யாராவது ஒருவர் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த புண்ணியத்தில் இராமலிங்கத்தின் பொழுது போயிற்று.

அவர் பழனி அடிவாரத்துக்காரர். அப்பா காலத்து விபூதிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலை ஏறியவர். வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு வாக்கியம்: "பழனி மலையில விஞ்ச்சு பூட்டுனப்ப நான் பக்கத்துல நின்னவன்." உண்மைதான், நின்றார். இரும்புக் கயிறு வந்து இறங்கிய நாளிலிருந்து, பக்தர்களை ஏற்றிக்கொண்டு முதல் பெட்டி மலைமேல் போன நாள் வரை, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வெயிலுக்குக் குடை பிடித்து நின்றார். ஓரமாகப் போகச் சொல்லி இன்ஜினியர் இரண்டு தடவை சொன்னதையும் அவர் மறைப்பதில்லை. "இன்ஜினியரே ரெண்டு தடவ எங்கிட்ட வந்து பேசினாரு" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் நாயுடுபுரத்தில் பம்பு செட்டு, தையல் மிஷின், மாவு மில், மகப்பேறு ஆகிய எல்லாத் துறைகளிலும் கருத்துச் சொல்லிவந்தார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், பின்னால் கட்டிய கையில் மூன்று கட்டை டார்ச் லைட். அந்த டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேலை செய்கிறவருக்கு வெளிச்சம் காட்டுவதாகத்தான் அதை எடுத்துவருவார். ஆனால் வெளிச்சம் வேலை செய்கிறவர் கை இருக்கும் இடத்தில் விழாது. இராமலிங்கத்தின் பேச்சு போகும் இடத்தில் விழும். பேச்சு பழனிக்குப் போனால் டார்ச்சும் கூரையைப் பார்த்துப் போய்விடும்.

வந்ததும் பேசிவிட மாட்டார். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல நிற்பார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு "ச்சு". வேலை செய்கிறவர் நிமிர்ந்து பார்க்காவிட்டால் இன்னொரு "ச்சு". பிறகு, "இதுக்கு முன்னாடி எவன் கை வச்சான் இதுல?" என்பார். இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மெக்கானிக்கும் மயங்காமல் இருந்ததில்லை. முன்னால் கை வைத்தவனைத் திட்டுவதில் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அப்புறம் இராமலிங்கத்தை நகர்த்த முடியாது.

ஆனால் நாயுடுபுரம் சரிவில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் சுப்பையா மயங்காத ஆள். அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் வண்டி உங்களுடையது. இப்படிப்பட்ட மனிதரிடம் பேச்சு எப்படி வளரும்? எட்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் நின்றும் இராமலிங்கத்தின் ஒரு யோசனைகூட ஒரு வண்டியிலும் ஏறியதில்லை. இது அவர் நெஞ்சில் ஒரு முள்ளாகவே இருந்தது.

அந்த முள்ளை எடுக்க வந்தவர் பேத்துப்பாறை நல்லையா.

நல்லையாவும் மனைவி வேலம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அனுப்பப்பட்டு வந்தவர்கள். வந்து ஏழு வருஷம் அடுத்தவர் காட்டில் உருளைக்கிழங்கு தோண்டினார்கள். அப்புறம், ஊருக்குத் திரும்பிய ஒரு மிஷன் துரை விட்டுப்போன பழைய பிக்கப் ஒன்றை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினார்கள். அது தாத்தா காலத்து ஜீப்பின் தம்பி. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் தொட்டி. விடிந்ததும் கங்காணி ஊதும் கொம்புக்கு எழுந்தே பழகிய இருவருக்கும், தாங்களே சாவி திருப்பிக் கிளப்பும் ஒரு பொருள் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிடைத்திருந்தது.

வத்தலக்குண்டு காய்கறி மண்டிக்காரர் பழனிச்சாமி ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை முப்பது மூட்டை முட்டைக்கோஸ் ஒரே நடையில் வர வேண்டும். மதுரை லாரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்புமுன் மண்டியில் இறங்க வேண்டும். வந்தால் பேத்துப்பாறைச் சரக்கு முழுவதும் வருஷம் பூராவும் இந்த வண்டிக்கு. வராவிட்டால் வேறு வண்டிக்கு. பிக்கப்போ பதினெட்டு மூட்டைக்கே பின்பக்கம் தாழ்ந்து, வளைவுக்கு வளைவு ரோட்டை உரசியது. இந்த நடை தவறினால் மறுபடியும் அடுத்தவர் காட்டுக் கிழங்குதான் என்பது இருவருக்கும் தெரியும்.

அதனால் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பட்டையை, அதாவது பாரம் தாங்கும் அந்த வில்லு இரும்பு அடுக்கை, மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய வண்டியின் பட்டை ஒரு ஜோடி கிடைத்தது. பழையதைவிட ஒரு சாண் நீளம், இரண்டு தகடு கூடுதல். செவ்வாய்க்கிழமை காலை சுப்பையா பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினார். அதுவரை காலியாகக் கிடந்த கொட்டகை வாசலில் "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பட்டைக்கு ஒரு குணம் இருந்தது. அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் நட்டநடுவில் இல்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. சுப்பையா விளக்குமாற்றுக் குச்சியால் அளந்தார். குட்டைப் பக்கம் பழைய பட்டையின் முன்பாதிக்குச் சரியாக இருந்தது. "குட்டைப் பக்கம் முன்னால வரணும். நீளம் பின்னால கெடக்கட்டும், பின் கொக்கியத் தள்ளி வச்சுக்கிறேன்" என்று ஒரு தடவை சொன்னார்.

இராமலிங்கம் மூன்றாவது "ச்சு"வை விட்டார். பிறகு டார்ச்சால் மலையைக் காட்டி ஒரு தத்துவத்தை எடுத்து வைத்தார். அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது சமவெளியில் யாருக்கும் தோன்றாத தத்துவம். சமவெளியில் வண்டி சரக்கோடு போகும், சரக்கோடு வரும். இங்கே அப்படியில்லை. கோஸ் கீழே போகிறது. மேலே எதுவும் வருவதில்லை. ஆகவே இந்த வண்டி பாரத்தோடு இருக்கும்போதெல்லாம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இறங்கும்போது பாரம் எங்கே சாயும்? முன்னால். அப்படியானால் பட்டையின் நீளப் பக்கம் எங்கே இருக்க வேண்டும்?

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். தப்பான யோசனைகளுக்கு எப்போதுமே இந்த அழகு உண்டு.

சுப்பையா, நீளப் பக்கத்தை முன்னால் போட்டால் பின் அச்சு நாலு விரற்கடை பின்னால் போய்விடும், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாப்ட் எட்டாது என்றார். அதையும் ஒரு தடவைதான் சொன்னார். இராமலிங்கமோ தன் தத்துவத்தைப் பதினோரு தடவை சொன்னார், இடையில் விஞ்ச்சு நான்கு தடவை மேலே போய்க் கீழே வந்தது. பாவம் நல்லையா, அவர் என்ன செய்வார்? வெள்ளை வேட்டி கட்டி, குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் உத்தரவு என்று தோட்டத்தில் பழகியவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு இராமலிங்கத்தைப் பார்த்து, "ஐயா என்னா சொல்றீங்களோ அப்பிடியே செஞ்சிரலாங்க" என்றார்.

அந்த வார்த்தையில் இராமலிங்கம் உருகிவிட்டார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில், அத்தனை கிணற்றின் விளிம்பிலும் அத்தனை பந்தலின் காலிலும் நின்ற பிறகு, ஒரு மனிதர் முதல்தடவையாக அவர் சொல்லைக் கேட்டிருக்கிறார். வீட்டில் சண்முகவள்ளிகூடக் கேட்டதில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சுப்பையா சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்று அவர் மனதுக்குள் ஏதோ ஒன்று முனகியது. அதை மஃப்ளரை இறுக்கிக் கட்டி அடக்கிவிட்டார்.

வண்டிக்காரர் சொல்லிவிட்டார் அல்லவா? சுப்பையா பட்டையைத் திருப்பிப் போட்டார். ஷாப்ட் எட்டத்தான் செய்தது; ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் அதன் இணைப்பில் ஒரு கட்டைவிரல் அளவு பிடிமானம் மிச்சமிருந்தது. "எட்டுதுல்ல? நான் அப்பவே சொன்னேன்" என்றார் இராமலிங்கம். சக்கரம் பின்பக்கத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பதை வேலம்மா பார்த்துவிட்டு, "இது உராயுமே" என்றாள். அவளுக்கும் விஞ்ச்சு சொல்லப்பட்டது. சுப்பையா மட்டும், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வெள்ளனே முப்பது மூட்டையும் ஏறின. வண்டியின் பின்பக்கம் ரோட்டை உரசவே இல்லை. பேத்துப்பாறையே கூடி நின்று பார்த்தது. இராமலிங்கம், தன் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேலம்மா மூட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். பெருமாள்மலை தாண்டும்வரை நல்லையா வாயெல்லாம் பல்லாக ஓட்டினார்.

ஊத்து தாண்டி, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டில் ஒரு பள்ளம். முப்பது மூட்டையின் பாரத்தில் வில்லு இரும்பு அமுங்கி நீண்டது. நீண்டது அச்சை இன்னும் பின்னால் தள்ளியது. அந்தக் கட்டைவிரல் பிடிமானம் நழுவியது. வண்டிக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். ஷாப்ட் கழன்று ரோட்டில் இழுபட, கியரின் பிடி விட்டுப்போய் வண்டி தன்னிஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. அந்த மாடலில் கைபிரேக்கும் ஷாப்ட்டைப் பிடிப்பதுதான் என்பதால் அதுவும் போயிற்று. இடது பக்கம் மலை, வலது பக்கம் ஆகாயம். நல்லையா கால்பிரேக்கில் எழுந்து நின்று, இடது பக்கம் ஒடித்து, மலையோரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, மண்சுவரில் உரசி நிறுத்தினார். நிற்பதற்குள் மேலேயிருந்து குதித்த வேலம்மா இரண்டு சக்கரத்துக்கும் கட்டையைக் கொடுத்துவிட்டாள்.

இராமலிங்கம் டார்ச்சை மடியில் அணைத்தபடி சீட்டிலேயே இருந்தார். குல்லாவுக்குள் முகம் வெளுத்துக் கிடந்தது. தன் வாயால் மூன்று உயிர் போயிருக்கும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் முழுசாகத் தெரிந்தது. "தப்பு எம்மேலதான்" என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். இன்னும் அரை நிமிடம் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அரை நிமிடம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பஸ் என்னவென்று பார்க்க நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். அதில் சஃபாரி சூட் போட்ட மதுரைக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ச்சு" என்றார்.

இராமலிங்கத்தின் உடம்பில் ரத்தம் திரும்பியது. அந்த ஒலி அவருக்குத் தெரியாதா? சஃபாரி சூட் இது கிளட்ச் கோளாறு என்றார். தன் மச்சினர் லாரி ஆபீஸில் கணக்கெழுதுவதாகவும் சொன்னார். இராமலிங்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, விஞ்ச்சை எடுத்தார். ஒரு வாத்தியார் பூமியின் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். மொட்டைபோட்ட ஒருவர், கிளம்பும்போது எலுமிச்சம்பழம் வைத்தார்களா என்று கேட்டார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு பொதுக்கூட்டமே கூடிவிட்டது. நல்லையா நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லோருக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

மணி பத்தேகால். வேலம்மா கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி நின்றது. கொடைக்கானலில் சிமெண்டை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரி. ஓட்டி வந்தவர் இருளப்பன். அவளை அவருக்கு முன்பின் தெரியாது. அவள் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் என்ன கோளாறு என்று கேட்கவில்லை. யார் பட்டை மாட்டியது என்றும் கேட்கவில்லை. லாரியைப் பஸ்ஸை ஒட்டி முன்னால் கொண்டுவந்து, பின்கதவைத் தட்டிவிட்டு, "ஏத்து தாயி" என்று ஒரு பக்கம் பிடித்தார். அதனால்தான் அந்தக் கூட்டத்தில் இருந்த யாருக்கும் இன்றுவரை அவர் பெயர் தெரியாது. கொழுந்துக் கூடை சுமந்து பழகிய முதுகு, முப்பது மூட்டைக்கு முக்கால்மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே கூட்டம் கிளட்ச், அச்சு, கிரகம் மூன்றையும் அலசிக்கொண்டிருந்தபோது, ஒரு அதிசயம் நடந்தது. பிக்கப்பின் பின்பக்கம் மெதுமெதுவாக மேலே எழும்ப ஆரம்பித்தது. இராமலிங்கம்தான் முதலில் கவனித்தார். டார்ச்சைப் பட்டப்பகலில் பட்டை மேல் அடித்து, "பாத்தீங்களா, பட்டை எந்திரிக்குது. புதுப் பட்டை செட்டாக நேரம் எடுக்கும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மையிலேயே எழுந்திருந்தது. சஃபாரி சூட்கூடத் தலையசைத்தார்.

தொட்டி காலியாக இருப்பதை வாத்தியார்தான் கண்டுபிடித்தார். அதற்குள் லாரி கிளம்பிவிட்டது. பக்கத்தில் வந்தபோது வேலம்மா தலையை நீட்டிப் புருஷனிடம், "நீங்க இங்கனயே நின்னு கதைச்சுக்கிட்டு இருங்க. நான் சுணங்காம மூட்டைய எறக்கிப்போட்டு வாறேன்" என்றாள்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சரக்கு மண்டியில் இறங்கியது. பழனிச்சாமி எந்த வண்டியில் வந்தது என்று பார்த்தார், வேலம்மாவைப் பார்த்தார், மூட்டையை எண்ணினார். "திங்கக்கெழமையும் இந்த நேரத்துக்கு வந்துரணும்" என்றார். கேட்டதும் அவள் கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை, கயிறு கட்டி இழுத்துவந்த பிக்கப்பில் சுப்பையா பட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டார். குட்டைப் பக்கம் முன்னால். முன்பே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை; அதைச் சொல்ல வேறு ஆள் வாசலில் வந்து நின்றிருந்தார். இந்தத் தடவை நல்லையா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலம்மா திரும்பினாள். போய், அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிச் சுப்பையாவின் கை இருக்கும் இடத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டாள். வெறுமையான அந்தக் கையில் கிரீஸ் பூசிய ஒரு பட்டைப் போல்ட்டை வைத்து, "ஐயா சும்மாதானே நிக்கிறீங்க, இதக் கொஞ்சம் புடிங்க" என்றாள். அவர் பிடித்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் வேட்டியில் ஒரு கறை விழுந்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த வேட்டியை அவர் நான்கு நாள் துவைக்கப் போடவில்லை. நாயுடுபுரம் கடைவீதியில் கறை தெரியும்படி மடித்துக் கட்டி நடந்தார். ஐந்தாம் நாள் மாவு மில்லில் பெல்ட் அறுந்தபோது வாசலில் அந்தக் குரல் கேட்டது: "பேத்துப்பாறை வண்டிக்குப் பட்டை மாட்டுனது யாருன்னு நெனச்சீங்க?" விஞ்ச்சுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. சுப்பையா குச்சியால் அளந்தபோதே குட்டைப் பக்கம்தான் முன்னால் வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? நல்லையா கொஞ்சம் உறுதியாக இருந்திருக்கலாம், சுப்பையா இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம், வேலம்மா பஸ்ஸின் கூரையிலேயே நாலு மூட்டையை ஏற்றியிருக்கலாம் என்றெல்லாம் யோசனை வந்ததல்லவா? இவ்வளவு நேரம் அந்தக் கொட்டகையிலும் மலைரோட்டிலும் எங்களோடுதான் இருந்தீர்கள். முப்பது மூட்டையில் ஒன்றுக்காவது கை கொடுத்தீர்களா? எங்கே, வேட்டியைக் காட்டுங்கள் பார்ப்போம். சுத்தமாக இருக்கிறதா?

நான் அப்பவே நினைத்தேன்.